எங்கள் வீட்டை நோக்கி யாரும் இழுக்கவில்லை

கயிறு ஈரமாக இருந்தது. லாரியில் லோடு கட்டுகிற மஞ்சள் நைலான் கயிறு. அம்மா முன்னால் பிடித்திருந்தாள், நான் பின்னால். அதன் முறுக்குகள் என் உள்ளங்கையில் வரிவரியாகப் பதிந்தன. மறுமுனை எங்கள் தலைக்கு வெகு உயரத்தில், ஒரு தைல மரத்தின் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது.

அந்தக் கழுத்தில் இன்னும் மூன்று கயிறுகள் இருந்தன. எங்கள் இருவரோடு சேர்த்து இருபது பேர், நாலு பக்கமும் நின்று ஒரே மரத்தைப் பிடித்திருந்தோம்.

“ஒரு தபா மெல்ல இழுத்துப் பாப்போம். சும்மா, இறுக்கம் தெரியறதுக்கு” என்றார் மரம் வெட்ட வந்திருந்த கன்னையா.

இழுத்தோம். மரத்தின் உச்சி மேகத்தில் ஒரு முழம் நகர்ந்தது.

எங்கள் வீட்டுப் பக்கமாக.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டாள்.

மண் மூச்சு விட்டது

திருத்தணிக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் இடையில், பஸ் நிற்காமல் போகிற ஒரு தெரு எங்களுடையது. அப்போது நான் ப்ளஸ் டூ முடித்து, பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, சிவில். தினமும் அரக்கோணத்துக்கு ரயில். அந்த வாரம் புயல் வந்ததால் ரயிலும் இல்லை, வகுப்பும் இல்லை, கரண்டும் இல்லை.

புயல் எங்கள் தெருவில் எந்தக் கூரையையும் எடுக்கவில்லை. தெருமுனைத் தைல மரத்தின் வேரை மட்டும் அசைத்துவிட்டுப் போயிருந்தது. மரம் நேராகத்தான் நின்றது. ஆனால் காற்று வரும்போதெல்லாம் அதன் அடிமண் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. ஒரு தடவை பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். மண் என் கையைத் தூக்கியது. அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அன்று மாலை மறுபடியும் மழை, காற்று என்றார்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தோம். பெரிய சாலையில் விழுந்து கிடக்கும் மரங்களை எடுத்துவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார்கள். மறுநாள் வரைக்கும் மரம் காத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

ஆந்திரா பக்கத்திலிருந்து கன்னையா வந்தார். மரத்தை ஒரு சுற்று சுற்றினார். “பாதி வேரு போயிந்தி. மிச்சத்த நான் அறுத்துடறேன். அப்புறம் கத்திக்கு வேல இல்ல. கயிறு எங்க சொல்லுதோ அங்க சாயும்” என்றார்.

கயிறு எங்கே சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு ஒரு கயிறு

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மரத்துக்குக் கிழக்கே ரஹீம் பாயின் மெக்கானிக் ஷெட். வடக்கே முனுசாமி அண்ணனும் அவர் தம்பிகளும் குடியிருக்கும் மூன்று வீடுகள். தென்கிழக்கே தேவகி அக்காவின் டீக்கடை. மேற்கே குட்டை, புயல் மழையில் நிரம்பியிருந்தது. தெற்கே நீளமாகத் தெரு. குட்டைக்கும் தெருவுக்கும் நடுவில், தென்மேற்கு மூலையில், எங்கள் வீடு.

எங்கள் தெருவில் பொதுக் காரியம் எது நடந்தாலும் வீட்டுக்கு ஒரு கை என்று வழக்கம். கால்வாய் தூர்வாரினாலும் சரி, கூழ் ஊற்றினாலும் சரி. கூப்பிடாமல் விட்ட வீடு இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாது. அதனால் கயிற்றையும் அப்படியே பிரித்தார்கள். யார் வீட்டுப் பக்கம் மரம் சாயக் கூடாதோ, அவர்கள் அதற்கு எதிர்ப்பக்கம் நின்று இழுப்பது. இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை என்று நானும்தான் நினைத்தேன்.

வடக்கு வீட்டுக்காரர்கள் ஒன்பது பேர். மரத்தைத் தெற்கே, தெருவின் நீளத்துக்குப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். ரஹீம் பாய், ஷெட்டில் வேலை செய்யும் இரண்டு பேர், வண்டி ரெடியாவதற்குக் காத்திருந்த ஒருவர் என நாலு பேர் குட்டையின் அக்கரைக்குப் போய் மேற்கே இழுத்தார்கள். தேவகி அக்காவும் அவர் வீட்டுக்காரரும், டீ குடிக்க வந்து மாட்டிக்கொண்ட மூன்று பேரும் வடமேற்கே முள்காட்டுப் பக்கம். நானும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு நேர் எதிராக, வடகிழக்கே.

நைனா வீட்டில் இல்லை. (அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எல்லையோரத்தில் பாதி உறவு தெலுங்கில்தான்.) சென்னையில் கட்டட வேலை. காலையில் போனில், “வீடு போனாப் போவுது, நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்காதீங்க” என்றார். அந்த ‘போனாப் போவுது’ என்ற சொல்லை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மூணு, நாலு, அஞ்சு

நைனா கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவர். ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்கள் வீட்டைக் கட்டினார். நாலு வருஷ ஞாயிறு. செங்கல் சுவர், மேலே சிமென்ட் ஷீட். ஒரு தைல மரம் விழுந்தால் அந்த ஷீட் அப்பளம்.

அஸ்திவாரம் போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. மூலை நேராக வர வேண்டும் என்று ஒரு கயிற்றை எடுத்தார். ஒரு பக்கம் மூணு அடி, மறுபக்கம் நாலு அடி, குறுக்கே அஞ்சு அடி சரியாக வந்தால் மூலை மட்டம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பின்னால் பள்ளியில் அதே மூணு, நாலு, அஞ்சு கரும்பலகையில் வந்தபோது, எங்கள் வீட்டு அஸ்திவாரத்தைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. பக்கத்துப் பெண்ணிடம், “இது எங்க நைனா கணக்கு” என்றேன். அவள் நம்பவில்லை.

ப்ளஸ் ஒன்னில் இன்னொரு நாள். இயற்பியல் மிஸ் பலகையில் ஒரு சாய்ந்த அம்புக்குறி வரைந்தார். அதன் நுனியிலிருந்து ஒரு கோடு கீழே இறக்கினார். “இந்த ஒரு விசைக்குள்ள ரெண்டு விசை இருக்கு. ஒண்ணு படுக்கையா, ஒண்ணு நிமிர்ந்து. ரெண்டையும் பிரிச்சு எடுக்கலாம், மறுபடியும் சேர்க்கலாம்” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே திருத்தணிக் கோயில் மலை தெரிந்தது. படிக்கட்டில் ஏறுகிற ஜனங்கள் எறும்பு வரிசையாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு காலடியிலும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் முன்னே. அவர்கள் சாய்வாக ஏறவே இல்லை. இரண்டு நடை ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது பார்த்ததையெல்லாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டே வந்தேன். சைக்கிளைத் தள்ளுகிறவரை, கிணற்று மோட்டாரின் பெல்ட்டை, ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து ஓடிய மழையை. டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

பிளீச்சிங் பவுடர்

உச்சி எங்கள் வீட்டுப் பக்கம் நகர்ந்ததைப் பார்த்ததும் அம்மா அன்றைக்கு முதல் முறையாகக் குரல் உயர்த்தினாள்.

“மரம் எங்க வூட்டப் பாத்து வருது.”

“எப்டி வரும்?” என்றார் முனுசாமி அண்ணன் தெருவிலிருந்து. “நாங்க தெக்க இழுக்கறோம். பாய் மேக்கால இழுக்கறாரு. உன் வூட்டப் பாத்து எவன் இழுக்கறான், காட்டு.”

அம்மா நாலு கயிற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. எங்கள் வீட்டை நோக்கி ஒருவர்கூட இழுக்கவில்லை.

“உங்க ரெண்டு பேருக்கும் பலம் பத்தல, அதான் விசயம்” என்றார் ரஹீம் பாய். “முனுசாமி, ரெண்டு ஆள அந்தப் பக்கம் அனுப்பு.”

“எத்தனை பேர் வேணும்னு நான் பாத்துச் சொல்றேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. கயிற்றை அம்மாவிடம் விட்டுவிட்டு, புயலுக்குப் பிறகு கால்வாயில் போட பஞ்சாயத்திலிருந்து கொடுத்திருந்த பிளீச்சிங் பவுடர் பையை எடுத்து வந்தேன்.

மரத்தடிக்குப் பக்கத்தில் போகப் பயம். தெருவில், ஈர மண்ணில், மரத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு அடி. பாய் கயிற்றுக்கு மேற்கே நாலு அடிக் கோடு. வடக்கு வீட்டுக் கயிற்றுக்குத் தெற்கே ஒன்பது அடி. தேவகி அக்காவின் கயிறு சாய்வு. தலைக்கு மேலே அது போன வழியைப் பார்த்து, அதே சாய்வில் அஞ்சு அடி போட்டேன். நுனி எங்கே வந்திருக்கிறது என்று அளந்தேன். புள்ளியிலிருந்து மேற்கே ஏறக்குறைய நாலு. வடக்கே ஏறக்குறைய மூணு.

மூணு, நாலு, அஞ்சு. ஒரு நிமிஷம் கை அப்படியே நின்றுவிட்டது.

கயிறுகள் கீழ்நோக்கியும் இழுக்கும். ஆனால் அந்தப் பங்கு மரத்தை மண்ணில் அழுத்தும், சாய்க்காது. பக்கவாட்டுப் பங்குதான் சாய்க்கும். எல்லாக் கயிறும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே சரிவு. அதனால் தலையை எண்ணினால் போதும். முதலில் எங்கள் கயிற்றை விட்டுவிட்டு எண்ணினேன். மேற்கே பாயின் நாலும் அக்காவின் நாலும்: எட்டு. தெற்கே ஒன்பது, அதில் அக்கா வடக்கே இழுத்த மூணு கழிந்தது: ஆறு.

மேற்கே எட்டு, தெற்கே ஆறு. குறுக்கே கோடு போட்டேன். பத்து.

நிமிர்ந்து, மரத்திலிருந்து அந்தக் கோட்டின் திசையிலேயே பார்த்தேன். அது எங்கள் வீட்டின் மூலையில் போய் நின்றது. நைனா மூணு, நாலு, அஞ்சு வைத்து எழுப்பிய அதே மூலை. இப்போது அதே எண்கள், இரட்டிப்பாகி, அதற்குக் குறி வைத்திருந்தன.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம் இல்லை. இவ்வளவு பேர் கண்ணெதிரில், யாருக்கும் தெரியாமல், ஒரு அம்பு அங்கே நின்றுகொண்டிருந்தது. அதை என்னால் பார்க்க முடிந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனையில் மூக்கு எரிந்தது; கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

“எத்தினி பேரு வேணும் பாப்பா?” என்று கேட்டார் முனுசாமி அண்ணன்.

“எங்க கயித்துல மொத்தம் பத்து பேர் வேணும்ணா.”

“எட்டுதானே கொறயுது, ரோட்டுல இருந்து கூப்ட்டா வந்துடப் போறாங்க.”

“வந்தாலும் மரம் விழாது, பத்துக்குப் பத்து சமமாயிடும். நீங்க பதினெட்டுப் பேர், நாங்க பத்துப் பேர், இருபத்தெட்டுப் பேரும் மூச்சு முட்ட இழுப்போம். மரம் சும்மா நிக்கும்.”

டீ குடிக்க வந்த மூவரில் ஒருவர் சிரித்துவிட்டார். “மரம் இன்னா உன்கூட பாலிடெக்னிக் படிச்சிதா, நீ போட்ட கணக்குக்கு நிக்கறதுக்கு?”

நட்டு சொன்னது

ரஹீம் பாய் சிரிக்கவில்லை. வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த மனிதர். குட்டையைச் சுற்றி நடந்து வந்து, என் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஷெட்டுக்குள் கூட்டிப்போனார். சிமென்ட் தரையில் ஒரு பெரிய நட்டை வைத்து, அதில் இரண்டு சணல் கட்டினார்.

“முனுசாமி, வா இங்க. நீ தெக்க இழு. நான் மேக்கால இழுக்கறேன். யாரு பக்கம் வருதுன்னு பாப்போம்.”

“பாய், உனக்கு வேற வேல இல்லயா?”

“இழுய்யா.”

நான் ஒரு தீப்பெட்டியை எடுத்து, எங்கள் வீடு இருக்கும் திசையில் தரையில் வைத்தேன்.

இருவரும் இழுத்தார்கள். நட்டு தெற்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. தரையைக் கீறிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் சாய்வாக ஓடித் தீப்பெட்டியைத் தட்டிவிட்டது.

முனுசாமி அண்ணன் சணலைப் பார்த்தார். “இன்னொரு தபா” என்றார். இன்னொரு தடவையும் தீப்பெட்டிதான் விழுந்தது.

“நட்டும் படிக்கல” என்றார் பாய், சற்று முன் சிரித்தவரைப் பார்த்து.

முனுசாமி அண்ணன் குந்தி உட்கார்ந்து தீப்பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். குரல் இறங்கியிருந்தது. “நாங்க இஸ்துகினு இருந்தது இதத்தானா? சரி. இப்ப இன்னா பண்ணணும், சொல்லு.”

எல்லோரையும் மேற்கே அனுப்பிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். பக்கக் கயிறு இல்லாவிட்டால் மரம் பம்பரமாகச் சுற்றும் என்றார் கன்னையா. அதற்கு மேல் எங்கள் தெருவில் யாரும் தன் கயிற்றை முழுசாக விட மாட்டார்கள்.

அதனால் மறுபடியும் தெருவுக்கு வந்து கோடு போட்டேன். தேவகி அக்காவின் கயிறு வடக்கே இழுப்பது மூணு. அதைச் சரிக்கட்டத் தெற்கே மூணு பேர் போதும். வடக்கு வீட்டு ஒன்பது பேரில் ஆறு பேர் பாயின் கயிற்றுக்குப் போனால், தெற்கும் வடக்கும் ஒன்றையொன்று தின்றுவிடும். மேற்கே மட்டும் பதினாலு மிஞ்சும். மரம் குட்டைக்குள்.

“மூணு வூட்டுக்கு மூணே பேரா?” என்றார் முனுசாமி அண்ணன். நீண்ட நேரம் தன் வீட்டைப் பார்த்தார். அவர் தங்கை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். “இன்னா பாவா சொல்ற?”

“நட்ட நானும்தான் பாத்தேன்” என்றார் பாவா.

“சரி. ஆறு ஆள நான் வுடறேன்.” பிறகு எங்கள் கயிற்றைக் காட்டினார். “அத நீங்க வுடணும். நீங்க வடக்க இழுத்துகினு இருந்தா எங்க பக்கம்தான சாயும்?”

அவர் கணக்கைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கயிற்றுக்குள்ளும் வடக்கே ஒரு பங்கு இருந்தது. சின்னதுதான், ஆனால் இருந்தது.

அம்மாவின் கை

அம்மா இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் விடவில்லை.

“விட்டுடும்மா” என்றேன்.

“எல்லார் வூட்டுக்கும் கயிறு இருக்குது.”

“ஆங், இருக்கு.”

“நம்ம வூட்டுக்கு மட்டும் வேணாமா?”

“நம்ம கயிறு இல்லாம இருந்தாத்தான் நம்ம வீடு நிக்கும்மா.”

எனக்கே அந்த வாக்கியம் வாயில் பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது. காகிதத்தில் எத்தனையோ தடவை சரியாகப் போட்ட கணக்கு. ஆனால் காகிதத்தில் ஷீட் கூரை கிடையாது. ஒரு ஆளை ஒரு அடி என்று வைத்தேனே, முனுசாமி அண்ணன் ஒரு ஆளா, ஒன்றரை ஆளா? அக்காவின் கயிற்றை அளந்தேனே, ஒரு சாண் பிசகியிருந்தால்?

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த எந்தக் காகிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டதில்லை; காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பாள். இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. கையில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். உள்ளங்கை வெள்ளையாக வரி விழுந்திருந்தது. கயிற்றைத் தரையில் வைத்தாள், போடவில்லை, வைத்தாள்.

கன்னையா மிச்ச வேர்களை அறுத்துவிட்டு ஓடி வந்தார். கை தூக்கினார்.

பதினெட்டுப் பேரும் இழுத்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் வெறுங்கையோடு நின்றோம்.

உச்சி முதலில் கொஞ்சம் தயங்கியது. வேர்த்தட்டு ஒரு பக்கம் எழும்பியது. அதனடியில் கறுப்பாக ஒரு குழி திறந்தது. பிறகு அவ்வளவு உயரமும், யாரோ மெல்லக் கையைப் பிடித்து உட்கார வைப்பதுபோல, மேற்கே, மேற்கே என்று போனது. குட்டைத் தண்ணீர் எழுந்து எங்கள் சுவர் மீது அடித்தது. அப்புறம் தைல இலையின் வாசனை. தெரு முழுக்க யாரோ நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டதுபோல.

நான் போட்ட கோட்டைவிட இரண்டு தப்படி தெற்கே தள்ளி விழுந்திருந்தது. ஒரு கிளை எங்கள் குளியல் மறைப்பின் தகரத்தைச் சப்பையாக்கியிருந்தது. தெற்கே நின்று இழுத்த முனுசாமி அண்ணன் ஒன்றரை ஆள்தான்.

“நாளைக்கு நானே புதுத் தகரம் வெச்சுத் தரேன்” என்றார், கையைத் தேய்த்துக்கொண்டே. வைத்தும் தந்தார்.

இப்போது நான் பாலம் கட்டுகிற இடத்தில் இளநிலைப் பொறியாளர். அங்கே இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. எத்தனை விசை கொடுத்தாலும் ஒரு நொடியில் ஒரே அம்பாகச் சேர்த்துக் காட்டுகிறது. அந்த அம்பு திரையில் வரும்போதெல்லாம் மூக்கில் பிளீச்சிங் பவுடர் எரிகிறது.

அன்று மழை வருவதற்குள் அம்மா தெருவுக்கு வந்தாள். முதலில் போட்ட கோடுகள் அழியாமல் இருந்தன. எங்கள் வீட்டு மூலையைக் காட்டிய நீளக் கோட்டின் பக்கத்தில் நின்றாள்.

“இது எத்தினி பேரு?”

“பத்து பேர்மா.”

“நம்ம வூட்டப் பாத்து யாரும் இழுக்கல இல்ல?”

“இல்லம்மா.”

“அப்ப இந்தப் பத்துப் பேரு யாரு?”

யோசித்துப் பார்த்தேன். “யாரும் இல்லம்மா. எல்லாரும் சேந்து.”

அம்மா தலையாட்டினாள். முதல் துளிகள் விழ ஆரம்பித்தன. அவள் மற்றக் கோடுகளையெல்லாம் மிதித்துக்கொண்டு நடந்தாள். அந்த ஒரு கோட்டை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் போனாள்.